இருக்கையும் பெயரும்

பதவி பெரிதா, பதவியில் அமர்ந்தவன் பெரியவனா என்று பட்டிமன்றம் நடத்துவது நம் சங்க மேடைகளுக்குப் புதிதன்று. இரு தரப்பாரும் சுவைபடப் பேசுவர். நடுவர் இரண்டும் பெரிதே என்று தீர்ப்பளிப்பார். நாமும் சிற்றுண்டி அருந்திக் கலைவோம். ஆயினும் அப்பட்டிமன்றங்களில் எழாத கேள்வி ஒன்று உண்டு. தான் இருக்கை பெற்றிருக்கும் ஓர் ஆட்சி தன் கண்ணெதிரே தீமை செய்கிறது. அத்தீமையை அவன் தன் கையால் செய்யவில்லை. செய்யுமாறு ஏவவும் இல்லை. அந்நிலையில் அவன் யாது செய்தல் வேண்டும்? உள்ளிருந்து தடுக்க முயல்வதா? எழுந்து வெளியேறுவதா? இருந்தால் பழியில் பங்கு உண்டு. எழுந்தால் தடுக்கும் வாய்ப்பும் போயிற்று. இவ்விரண்டனுள் எது அறம்?

இதனை நாமும் நம் முன்னோரும் நடந்த வழிகளில் கிடைப்பவற்றைக் கொண்டே ஆராய்ந்து பார்க்கலாம். வாளையாற்றிலிருந்து குமுளி வரை, பாலக்காட்டு வெளியிலும் இடுக்கி மலையிலும் கேரளமும் தமிழகமும் கைகோத்து நிற்கும் எல்லையோரத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள் நம்முள் பல. அவற்றுள் ஒரு சாரார் பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று நகரங்களுக்குப் போந்தவர்; மற்றொரு சாரார் போடி மெட்டும் குமுளியும் ஏறித் தேயிலையையும் ஏலத்தையும் நம்பிப் போனவரின் வழிவந்தோர். இவ்விரு சாராருக்கும் இக்கேள்வி புதிதன்று என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் ஒரு பழைய நாணயம்.

மேலைக்கடலையும் கொங்கு நாட்டையும் இணைத்த பெருவழி பாலக்காட்டுக் கணவாய். முசிறித் துறையில் இறங்கிய உரோமப் பொன்னும் வெள்ளியும் இவ்வழியே கிழக்கு நோக்கி வந்தன என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. கணவாய்க்கு மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும், கிழக்கே பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் முதலிய ஊர்களிலும் உரோம நாணயங்கள் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் வகைகளில் ஒன்று அகஸ்டஸ் சீசரின் வெள்ளிக்காசு. ஒருபுறம் பேரரசனின் தலை. மறுபுறம் கேடயமும் ஈட்டியும் அருகிருக்க நிற்கும் இளைஞர் இருவர். அவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரர்கள். அவனால் மக்களாகத் தத்தெடுக்கப்பட்டவர்கள். பெயர் காயஸ், லூசியஸ். அவர்களைச் சுற்றிப் பொறித்திருக்கும் எழுத்துகள் அவர்களைக் ‘கான்சல் பதவிக்குக் குறிக்கப்பட்டோர்’ எனச் சொல்கின்றன.

கான்சல் என்பது உரோமின் தலைமைப் பதவி. மன்னர் ஆட்சியை ஒழித்த உரோமர், ஆண்டுக்கு இருவரைத் தேர்ந்து அவர்கள் கையில் நாட்டை ஒப்புவித்தனர். ஒருவரை ஒருவர் தடுக்கலாம் என்பதற்காகவே இருவர். ஆண்டுகளுக்கு எண் இடாமல், இன்னார் இருவர் கான்சலாக இருந்த ஆண்டு என்று வழங்கினர் என்றால் அப்பதவியின் பெருமை விளங்கும். அத்தகைய பதவிக்கு அகஸ்டஸ் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளைக் குறித்து வைத்தான். காயஸ் கி.பி. 1-இல் கான்சல் ஆனான்; கி.பி. 4-இல் இறந்தான். லூசியஸோ, கான்சல் ஆகாமலே கி.பி. 2-இல் மாண்டான். இருவர் பெயரும் காசில் ஏறி, கடல் கடந்து, நம் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்தன. மிளகு விற்றவர் வெள்ளியின் எடையைப் பார்த்து வாங்கிக்கொண்டார். பதவியின் உள்ளீடு கழன்று பெயர் மட்டும் எஞ்சிய கதை, நம் மண்ணுக்கடியில் இவ்வாறு கிடந்தது.

அப்பெயருக்காக மனிதர் எவ்வளவு தூரம் போவர் என்பதை அறிய, இன்னும் அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து உரோமைக் காண வேண்டும். கி.பி. 69. நீரோ மாண்ட மறு ஆண்டு. கால்பா, ஓதோ, விட்டெல்லியஸ், வெஸ்பாசியன் என நால்வர் ஒருவர்பின் ஒருவராக அரியணையில் இருந்த ஆண்டு அது. முதல் மூவரும் அவ்வாண்டிலேயே மாண்டனர். கான்சல்களும் இரண்டு திங்களுக்கொரு முறை மாறினர். அந்த ஓராண்டில் மட்டும் 12 பேருக்கு மேல் அப்பதவியைத் தொட்டனர். விட்டெல்லியஸின் படைத்தலைவனும் கான்சலுமாக இருந்த கைசினா என்பவன் கட்சி மாறி வெஸ்பாசியன் பக்கம் சாய முயன்றான். அவனை ஆட்சிமன்றம் கண்டித்தது. அவன் பதவிக்காலத்தில் எஞ்சியிருந்தது ஒரே நாள். அந்த ஒரு நாளைத் தமக்குத் தருமாறு வேண்டிப் பெற்றார் ரோசியஸ் ரெகுலஸ் என்பவர். அக்டோபர் 31-ஆம் நாள் பதவி ஏற்றார், அன்றே இறங்கினார். கொடுத்தவனையும் பெற்றவனையும் கண்டு ஊர் நகைத்தது என டாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். ரெகுலஸைப் பற்றி உலகம் நினைவில் கொண்டது இவ்வளவே.

நாமும் நகைக்கலாம். ஆனால் மலர் அச்சுக்குப் போகும் வாரத்தில், செயற்குழுவில் என் பெயரும் இருக்கட்டும் என்று வந்து நிற்கும் அன்பர்களைக் கண்ட எந்தச் செயலரும் ரெகுலஸை ஒரு புன்னகையோடு மன்னித்து விடுவார். அவர் யாருக்கும் தீங்கு இழைக்கவில்லை. அடுத்து வந்த கான்சலின் கதை அத்தகையதன்று.

அவர் பெயர் கைசிலியஸ் சிம்ப்ளெக்ஸ். பிறர்க்கெனக் குறித்திருந்த கான்சல் பதவியை முன்னரே பணம் கொடுத்துப் பெற முயன்றார் என்று அவரைப்பற்றி ஒரு பேச்சு உண்டு. நவம்பர், டிசம்பர் திங்கள்களுக்கு அவர் கான்சல் ஆனார். டிசம்பர் 18 அன்று, தன் படைகள் தோற்றன என்று அறிந்த விட்டெல்லியஸ், துயர் குறிக்கும் கரிய உடை உடுத்து, சிறுமகனைப் பல்லக்கில் ஏற்றி, அரண்மனையினின்று இறங்கி மக்கள் கூடிய இடத்துக்கு வந்தான். அமைதிக்காகவும் நாட்டுக்காகவும் ஆட்சியைத் துறப்பதாகச் சொன்னான். குடிமக்கள் மீது தனக்கிருந்த உயிர்வதை உரிமையின் அடையாளமாக இடையில் செருகியிருந்த குறுவாளை எடுத்து, அருகில் நின்ற கான்சலிடம் நீட்டினான். சிம்ப்ளெக்ஸ் அதை வாங்கவில்லை. கூட்டமும் கூச்சலிட்டது, வழிகளை மறித்தது. விட்டெல்லியஸ் மீண்டும் அரண்மனைக்கே திரும்பினான். மறுநாள் கேபிட்டல் குன்றின் கோயில் தீக்கிரையாயிற்று, அடுத்த சில நாள்களில் உரோமின் தெருக்களில் உரோமரே உரோமரைக் கொன்றனர், விட்டெல்லியஸும் கொல்லப்பட்டான்.

அந்தக் குறுவாளைச் சிம்ப்ளெக்ஸ் வாங்கியிருந்தால் அத்தனையும் நின்றிருக்கும் என்று துணிந்து கூற இயலாது. கூட்டம் அவரையும் கிழித்திருக்கலாம். ஆனால் ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பதவிக்கு, செய்வதற்கு ஒரு செயல் வாய்த்த நொடி அதுவே. அந்நொடியில் அப்பதவியில் இருந்தவர், பதவியை அணியாக மட்டுமே கொண்டிருந்தார். வாங்குவதற்கு நீளாத கை, விலகுவதற்கும் அசையவில்லை. அவர் கான்சலாகவே இருந்தார். நம் கேள்வியின் இருண்ட முகம் இவரே: வெளியேறவும் மாட்டாதவர், இருந்து பயன்படவும் மாட்டாதவர்.

இனி நம் எல்லைக்குத் திரும்புவோம். பாலக்காட்டிலிருந்து ஒற்றப்பாலம் போகும் வழியில் பாரதப்புழைக் கரையில் மங்கரை என்றோர் ஊர். அங்கே 1857-இல் பிறந்தவர் சேற்றூர் சங்கரன் நாயர். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே அவருடைய கல்வியும் தொழிலும் புகழும் சென்னையிலேயே வளர்ந்தன. மாநிலக் கல்லூரியில் பயின்றார். உயர் நீதிமன்ற வழக்கறிஞராகவும், 1908 முதல் 1915 வரை நீதிபதியாகவும் விளங்கினார். 1897-இல் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். 1915-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் கல்வித்துறை உறுப்பினர் ஆனார்.

அந்த இருக்கையின் தன்மையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். இந்தியாவை ஆண்டது வைஸ்ராயும் விரல்விட்டு எண்ணத்தக்க உறுப்பினர்களும் அடங்கிய அச்சிறு குழு. 1909-இல் சத்தியேந்திர பிரசன்ன சின்கா அதில் இடம் பெற்ற முதல் இந்தியர்; அவர்க்குப்பின் சையது அலி இமாம்; மூன்றாமவர் சங்கரன் நாயர். ஒரு நேரத்தில் ஓர் இந்தியர்; மற்றையோர் ஆங்கிலேயர். இந்தியர் ஒருவர் தம் நாட்டில் அடையத்தக்க பதவிகளுள் அதனினும் உயர்ந்தது அன்று இல்லை. அவர் தனியர், வாக்கெடுப்பில் தோற்பவர், எனினும் கோப்புகளைப் படிக்கவும் மறுப்புக் குறிப்பு எழுதவும் உரிமை பெற்றவர். அவ்வுரிமையை அவர் வெறுமனே விடவில்லை. அரசியல் சீர்திருத்தம் பற்றி இலண்டனுக்குச் செல்லும் அறிக்கைகளில், 1919 மார்ச்சில், தம் குழுவின் கருத்தை மறுத்து விரிவாக எழுதினார்.

அதே மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியது. அதனை எதிர்த்துச் சட்டமன்றத்தினின்று ஜின்னாவும் மாளவியாவும் விலகினர். சங்கரன் நாயர் விலகவில்லை. இதனை மறைத்து அவரைப் போற்றுவது அவருக்கும் மரியாதை ஆகாது. அவர் இருந்து பார்க்க எண்ணியவர். சட்டத்தின் வழியே, சொல்லின் வழியே, கோப்பின் வழியே ஆட்சியைத் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் வாழ்நாளைக் கழித்தவர்.

அந்நம்பிக்கையை உடைத்தது பஞ்சாப். 1919 ஏப்ரல் 13-இல் அமிர்தசரசு ஜாலியன்வாலா பாக்கில் டையர் என்னும் படை அதிகாரியின் ஆணைப்படி 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன. அரசே ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கு 379. அதன்பின் படைச்சட்டம். தெருவில் மனிதரை வயிற்றால் ஊர்ந்து போகச் செய்த ஆணை, பொது இடத்தில் கசையடி, செய்தித்தாள்களுக்கு வாய்ப்பூட்டு. பஞ்சாபை ஆண்டவர் மைக்கேல் ஓ’டுவையர். அவருக்கு மேலிருந்தது வைஸ்ராயின் குழு. அக்குழுவில் அமர்ந்திருந்த ஒரே இந்தியர் மங்கரைக்காரர்.

அவர் 1919 ஜூலையில் பதவியைத் துறந்தார்.

விடைபெறும் வேளையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி சொல்வதுண்டு. தங்கள் இடத்துக்கு யாரைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று வைஸ்ராய் செம்ஸ்போர்டு வினவினாராம். வாயிலில் நின்ற தம் சேவகரைச் சுட்டிக்காட்டி, உயரமானவர், தோற்றப் பொலிவுடையவர், சீருடையை அழகுற அணிபவர், தாங்கள் ஆம் என்னும்போதெல்லாம் இவரும் ஆம் என்பார் என்று சங்கரன் நாயர் விடையிறுத்தாராம். கூர்மையான விடைதான். எனினும் அந்தச் சேவகருக்கு அதில் ஓர் அநீதி இழைக்கப்பட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆம் என்று சொல்வது அவர் வயிற்றுப்பிழைப்பு. அவர் ஆம் என்றதால் அமிர்தசரசில் ஒருவரும் ஊரவில்லை.

இந்த வேறுபாட்டை நாம் சற்று நின்று கருத வேண்டும். ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் வைஸ்ராயின் குழுவில் இருந்தவர் அல்லர். வாயிலில் நின்றவர்களின், தட்டச்சு அடித்தவர்களின் மக்கள். பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போன தாத்தாக்கள், எத்தனை எத்தனை ஆணைகளைத் தட்டச்சு செய்து கொடுத்திருப்பர்! கடிதத்தின் இடது மூலையில், பெரிய எழுத்தில் அதிகாரியின் பெயரெழுத்தும், ஒரு கோட்டுக்கு அப்பால் சிறிய எழுத்தில் தட்டச்சாளரின் பெயரெழுத்தும் இருக்கும். அந்தச் சிற்றெழுத்து பழியில் பங்கு பெறுமா? பெறவே பெறாது என்று நாம் கூறமாட்டோம். எனினும் அது உழைப்பை விற்றவனின் எழுத்து. அவன் விலகினால் மறுநாள் இன்னொருவன் வந்து அதே கடிதத்தை அடிப்பான். ஆணையின் வலிமையில் ஓர் அணுவும் குறையாது. மேலிருக்கையில் அமர்ந்தவனின் நிலை வேறு. அவனிடமிருந்து ஆட்சி வாங்குவது அவன் பெயரை. ‘எங்கள் குழுவில் ஓர் இந்தியரும் இருக்கிறார்’ என்று உலகுக்குச் சொல்வதற்காகவே அவன் அங்கே அமர்த்தப்பட்டான். அவன் எழுதும் மறுப்புக் குறிப்பு கோப்புக்குள் உறங்கும். அவன் பெயர் வெளியே உலவும். அவன் சொல்லை ஏற்காத ஆட்சிக்கும் அவன் பெயர் பயன்படும். ஆகவே, உள்ளிருந்து நான் எவ்வளவு நன்மை செய்யலாம் என்று மட்டும் அவன் எண்ணிப் பார்ப்பது போதாது. என் பெயரைக் கொண்டு இவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் அவன் கேட்டுக்கொள்ள வேண்டியவனாகிறான்.

இதற்கு எதிர்வாதம் எளியதன்று. சீர்திருத்தச் சட்டம் அப்போது இலண்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. டிசம்பரில்தான் அது நிறைவேறியது. அந்த ஆறு திங்களும் குழுவில் இந்தியக் குரல் ஒன்று வேண்டாவா? விலகியவன் தன் மனச்சான்றைக் காத்துக்கொண்டான், பஞ்சாபியரைக் காத்தானா? கை கழுவுவது துறவா, தப்புதலா? இவ்வாறு கேட்போரை நாம் கோழைகள் என்று தள்ளிவிடக் கூடாது. இருந்து, பழி சுமந்து, நூறு தண்டனைகளில் பத்தைக் குறைத்தவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்களுக்குச் சிலை எடுப்பாரில்லை. சங்கரன் நாயரின் விலகலால்தான் எல்லாம் மாறிற்று என்பதும் மிகை. பஞ்சாப் நிகழ்ச்சிகளை ஆராய ஹண்டர் தலைமையில் குழு அந்த அக்டோபரில் அமைந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஒன்றுமட்டும் தெளிவு. ஜூலைக்குப் பின், பஞ்சாபில் நடந்ததற்கு இந்தியர் ஒருவரின் உடன்பாடும் இருந்தது என்று சொல்ல ஆட்சிக்கு வாய் இல்லாமற் போயிற்று.

ஒப்புநோக்க, இடுக்கி எல்லையில் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. குமுளிக்கு அப்பால், பெரியாற்றுக் காட்டின் உச்சியில், சிதைந்த மங்கலதேவி கோட்டம். சித்திரை முழுமதி நாளில் மட்டும் திறக்கும் அக்கோட்டத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் குமுளியிலிருந்தும் தமிழரும் மலையாளிகளும் ஏறிச் செல்வர். அங்கே வழிபடப்படுபவள் கண்ணகி. அவள் கதையில் வரும் பாண்டியன், தன் தீர்ப்புப் பிழைத்தது எனக் கண்ட கணமே அரியணையில் வீழ்ந்து உயிர் நீத்தான். அவன் குழு கூட்டவில்லை. விசாரணை நடக்கட்டும் என்று சொல்லவில்லை. நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பதவி அறம் அதுவே. ஆனால் அது பிழை செய்தவனே உணர்ந்து வீழ்ந்த கதை. காவலரை அனுப்பியவனும் அவனே, தீர்ப்புச் சொன்னவனும் அவனே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டிருந்த அமைச்சர் எவரேனும் அவையில் இருந்திருப்பின் அவர் என் செய்தார் என்று காப்பியத்தைப் பார்த்து நாம் கேட்பதில்லை. இக்காலத்து ஆட்சிகளில் பாண்டியர் அரியர். தீமை பல மேசைகளைக் கடந்து வருகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறு ஒப்பம். பாண்டியனின் அறம் நமக்குத் தெரியும். அவன் அவையில் அமர்ந்திருந்தவனின் அறமே நமக்குத் தேவைப்படுகிறது.

சங்கரன் நாயர் அதற்கும் முழுமையான எடுத்துக்காட்டு ஆகமாட்டார். ‘சர்’ பட்டத்தை அவர் துறக்கவில்லை. தாகூர் அதே ஆண்டு மே திங்களில் துறந்தார். மதுரையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் அதற்கு முந்திய ஆண்டே துறந்திருந்தார். 1920-இல் இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசனைக் குழுவில் சங்கரன் நாயர் மீண்டும் ஓர் இருக்கை ஏற்றார். 1922-இல் அவர் எழுதிய ‘காந்தியும் அராஜகமும்’ என்ற ஆங்கில நூல் காந்தியடிகளையே கடுமையாகச் சாடியது. பின்னாளில் நாடே புறக்கணித்த சைமன் குழுவோடு ஒத்துழைத்த இந்தியக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். ஆகவேதான் ஆங்கிலேயரும் அவரை மறந்தனர், நாமும் மறந்தோம். கட்சிகளின் மலர்களில் அவர்க்கு இடமில்லை.

ஆனால் அந்த 1922-ஆம் ஆண்டு நூலே அவரை இன்னொரு சோதனைக்கு உட்படுத்தியது. பஞ்சாபின் கொடுமைகளுக்கு ஓ’டுவையரே பொறுப்பு என்னும் கருத்து அதில் இருந்தது. ஓ’டுவையர் இலண்டனில் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1924-இல் நீதிபதி மக்கார்டியின் முன் ஐந்து வாரம் வழக்கு நடந்தது. டையர் செய்தது சரியே என்று நீதிபதியே மன்றத்தில் கூறினார். பன்னிரு நடுவரில் பதினொருவர் ஓ’டுவையர் பக்கம். மாறி நின்றவர் ஒருவர். அவர் ஹெரால்டு லாஸ்கி என்னும் பேரறிஞர். சங்கரன் நாயர் 500 பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் தருமாறு தீர்ப்பாயிற்று. 2025-இல் வெளிவந்த ‘கேசரி சாப்டர் 2’ என்னும் இந்தித் திரைப்படம் அவரை ஆங்கிலேய ஆட்சிமீது வழக்காடும் வீர வழக்கறிஞராகக் காட்டுகிறது. நம் இளைஞர் பலர் அவர் பெயரை அதன்வழியே அறிந்தனர், மகிழ்ச்சியே. ஆயினும் உண்மையில் அவர் வழக்குத் தொடுத்தவர் அல்லர், பிரதிவாதி. தோற்றவர். ஓர் அயல்நாட்டு மன்றத்தில் அறுபத்தேழு வயதை நெருங்கிய நிலையில், தம் சொல்லுக்காக நின்று தோற்றார். திரைக்கு வெற்றி வேண்டும். நமக்கு இந்தத் தோல்வி இன்னும் பெரிதாகப் படுகிறது. பதவியில் இருந்தபோது கோப்புக்குள் எழுதியதைப் பதவி இழந்தபின் தம் பெயரிட்டு வெளியில் எழுதினார். அதற்குரிய விலையும் கொடுத்தார். 1934-இல் மறைந்தார்.

பெரியவர்களின் கதை இது. மலையில் நம் குடும்பங்கள் கண்ட பதவி வேறு. அதன் பெயர் கங்காணி. கண்காணி என்னும் நல்ல தமிழ்ச் சொல்லின் மருஉ அது. தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலை பரவிய காலத்தில், ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக மலை ஏற்றி, லயத்தில் குடிவைத்து, காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியவர் அவர். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி அவருக்குக் கொடுத்தது. நம் பாட்டிமார் துரையை நம்பி மலை ஏறவில்லை. துரையை அவர்கள் கண்டதே இல்லை. ‘அவர் நம்ம ஊர்க்காரர், நமக்கு மாமன் முறை’ என்று கங்காணியை நம்பி ஏறினர். கம்பெனி அவரிடமிருந்து பெற்றதும் அந்தப் பெயரைத்தான். அவருள் நல்லவர் இருந்தனர். காய்ச்சலில் கிடந்தவளுக்குத் தம் வீட்டுக் கஞ்சியை அனுப்பியவரும், பற்றுக்கணக்கை ஏற்றி ஏற்றித் தலைமுறையையே கட்டிப்போட்டவரும் இருந்தனர். சிலசமயம் இருவரும் ஒருவரே. அவரும் மேலும் கீழும் இடிபட்டவர்தாம். ஆனால் துரையின் அடி விழும்போது, அந்த முறைப்பெயரை மீட்டுக்கொண்டு கீழிறங்கியவர் எத்தனை பேர் என்பதை நம் குடும்பங்களின் கதைகளே சொல்லும். கங்காணியின் பேரரும், அவர் பெயர் கூப்பிட்டவளின் பேரரும் இன்று இதே சங்கத்தில் அடுத்தடுத்த வரிசையில் அமர்ந்திருக்கிறோம். இதைப் பேசாமல் இருப்பது நாகரிகம் என்று சிலர் கருதுவர். பேசுவதே உறவு என்பது நம் எண்ணம்.

கங்காணி போனபின் தொழிற்சங்கம் வந்தது. அது பெற்றுத்தந்தவை பல. மறுப்பது நன்றி கொல்லல். அங்கேயும் இருக்கைகள் தோன்றின. தொழிலாளரின் பெயரால் பேச்சு மேசையில் அமர்ந்தோர் தோன்றினர். 2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததை நாம் தொலைவிலிருந்து தொலைக்காட்சியில் கண்டோம். முந்திய ஆண்டில் 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடு எனக் குறைந்ததும், கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து அமர்ந்தனர். ‘பெண்கள் ஒற்றுமை’ என்று தமக்குத் தாமே பெயர் இட்டுக்கொண்டனர். 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்குமாறும் கேட்டனர். எல்லாவற்றினும் புதியது, தங்கள் பெயரால் பேசிவந்த சங்கத் தலைவர்களைத் தங்கள் அருகில் வரவிடாதது. இத்தனை நாளும் எங்கள் பெயரில் நீங்கள் அமர்ந்திருந்தீர்கள், அந்தப் பெயரைத் திருப்பித் தாருங்கள் என்பதே அவர்கள் கேட்டதன் பொருள். ஒன்பது நாள் இருப்புக்குப் பின் 20 விழுக்காடு கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாய் ஆயிற்று, 500 ஆகவில்லை.

வைஸ்ராயின் குழுவினின்று ஒருவர் தாமே எழுந்தார். மூணாற்றில் இருக்கைக்குக் கீழிருந்தோர் இருந்தவரை எழுப்பினர். முன்னது நடவாத இடத்தில் பின்னது நடக்கிறது. இரண்டினும் மீட்கப்பட்டது பெயரே.

அப்பெண்களின் கதையும் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. இரண்டு திங்கள் கழித்து, 2015 நவம்பரில் கேரளத்து உள்ளாட்சித் தேர்தலில் அவர்களுள் சிலர் போட்டியிட்டனர், ஒருசிலர் வென்றனர். சாலையில் அமர்ந்திருந்தவர்கள், பெயர்ப்பலகை வைத்த மேசைக்குப் பின்னால் முதன்முறையாக ஒரு நாற்காலியில் போய் அமர்ந்தனர்.